வேதமணி பரிமாறிய நண்டு

வேதமணியைத் தைரியசாலி என்று யாராவது சொன்னால், அவர்கள் வேறு எந்த வேதமணியையோ சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேதமணி, காக்கிச் சட்டை போட்ட தபால்காரர் தெருமுனையில் தலைகாட்டினாலே அடுப்படிக்குள் போய் நின்றுகொள்கிறவர். பால் திரிந்துவிடுமோ என்று பயம். முட்டை கூமுட்டையாக இருக்குமோ என்று பயம். சாப்பாட்டு மேஜையிலிருந்து துரை மணி அடித்தால் உப்புக் கூடிவிட்டதோ என்று பயம். மணியே அடிக்கவில்லை என்றால், சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆயிற்றோ என்று அதைவிடப் பெரிய பயம்.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் காட்டிலாகா துரை ஒருவரின் பங்களாவில் அவர் எடுபிடியாகச் சேர்ந்த முதல் வருஷம், விருந்துக்கு வந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் மீன் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். சமைத்தவரைப் போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்த மனிதர், அப்புறம் கரண்டியைத் தொடவேயில்லை, ஊரைவிட்டே போய்விட்டார். அந்த இடத்துக்குத்தான் வேதமணி வந்தார். வந்த அன்றைக்கே தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். எது ஆக்கினாலும் மேஜைக்குப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரே ஒரு கரண்டியைத் தானே சாப்பிட்டுவிட வேண்டும். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் பண்டம் மேஜைக்குப் போகலாம். இரண்டாவது கரண்டி கூடாது. அது திருட்டு என்று துரைசாணி சொல்லியிருந்தாள்.

இப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. கடைசி ஆறு வருஷம் ராஜபாளையத்தில் ஒரு மில் என்ஜினியர் துரையின் பங்களாவில். காலையில் விடியுமுன் போனால் மனிதர் வீட்டுக்குத் திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். மனைவி பரிபூரணம் எடுத்து வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். ஊரிலேயே பெரிய சமையல்காரர், தன் வீட்டு அடுப்பில் ஒரு நாள் கூடத் தீ மூட்டியதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

அவருக்கு இரண்டே சிநேகிதர்கள். ஒருவர் சுப்புராஜ், மில்லில் ஃபிட்டர், தெலுங்கு பேசுகிற ராஜு வீட்டு மனிதர். அதிகம் பேசமாட்டார், பேசினால் அதில் ஒரு வார்த்தை குறைக்க முடியாது. இன்னொருவன் மொக்கைச்சாமி. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே கரி பஸ் ஓட்டுகிறவன். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபிறகு, பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய இரும்பு உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து அந்தப் புகையில் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். இருந்தும் மொக்கைச்சாமிக்கு அந்த வண்டி என்றால் உயிர்.

மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்தால் வேதமணி பங்களாச் சமையலைப் பற்றிப் பேசுவார். அதிலும் ஒரு பண்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். கடல் நண்டைப் புழுங்க வைத்துச் சதையை உதிர்த்து, பாலும் மாவும் வெண்ணெயும் சேர்த்த குழம்பில் போட்டு, மிளகும் அரைத்த கடுகும் எலுமிச்சைச் சாறும் விட்டு, மேலே சீஸைத் துருவிப் போட்டு, கீழும் மேலும் நெருப்பு வைத்துக் கொதிக்கக் கொதிக்க எடுக்க வேண்டும். நடு மேஜையில் ஒரே சட்டி. சுற்றி உட்கார்ந்து, சுட்ட ரொட்டியை ஆளுக்கொரு துண்டாக எடுத்து அதில் முக்கித் தின்ன வேண்டும். சுடச்சுடத் தின்ன வேண்டும், ஆறினால் களிமண். துரையும் சிநேகிதர்களும் ஒரே சட்டியில் கையை விட்டுச் சிரித்துச் சிரித்துத் தின்பதை வேதமணி சுவரோரமாக நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். சொல்லும்போது அவருக்கே வாயூறும். ஒரு கரண்டிக்கு மேல் அவரும் தின்றதில்லை; அந்த ஒரு மணி நேரச் சட்டத்தையும் அவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் வாயாலேயே எங்களுக்கு விருந்து போட்டுவிடுவீர்கள் என்று மொக்கைச்சாமி கேலி செய்வான்.

ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்த மறு வருஷம், மே மாதம். துரையும் துரைசாணியும் கொடைக்கானலுக்குப் புறப்பட்டார்கள். கிளம்பும்போது துரைசாணி என்ன நினைத்தாளோ, அலமாரியிலிருந்து இரண்டு டின் சீஸை எடுத்து வேதமணியின் கையில் கொடுத்து, பிள்ளைக்குக் கொடு என்றாள். பிள்ளை அதை முகர்ந்து பார்த்துவிட்டு ஓடிப்போனது. வேதமணி இரண்டு நாள் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தூத்துக்குடியில் இருந்த மைத்துனன் ஜேசுதாசனுக்குக் கார்டு எழுதிப் போட்டார், ஞாயிறு காலை ரயிலில் உயிர் நண்டு அனுப்பும்படி.

அந்த ஞாயிற்றுக்கிழமை பரிபூரணம் வீட்டில் இல்லை. அவள் தங்கச்சி பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று முதல் நாளே மகளைக் கூட்டிக்கொண்டு வன்னியம்பட்டிக்குப் போய்விட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து மொக்கைச்சாமியின் சாயங்கால வண்டியில் திரும்புவதாக ஏற்பாடு.

வேதமணி ரயிலடிக்குப் போய் ஈரச் சாக்கை வாங்கி வந்து தரையில் கொட்டினார். பதினெட்டு நண்டு. ஒவ்வொன்றாகக் குச்சியால் தொட்டுப் பார்த்தார். காலை அசைக்காத நான்கை அப்படியே எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தார். ஒன்று அசைந்ததா அசையவில்லையா என்று சந்தேகம், அதையும் புதைத்தார். சீஸ் டின் எங்காவது உப்பியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாலை இரண்டு முறை காய்ச்சினார். ரொட்டியில் பூஞ்சணம் இருக்கிறதா என்று பிட்டுப் பார்த்தார். பயப்பட வேண்டிய எல்லாவற்றுக்கும் பயந்தாயிற்று.

எதில் ஆக்குவது என்பதுதான் அவருக்குக் கடைசியில் வந்த யோசனை. பங்களா அலமாரியின் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. பீங்கான் சட்டி அங்கே தூங்குகிறது. ஆனால் துரை இல்லாதபோது துரை பாத்திரத்தைத் தொடுவதா? நினைத்தபோதே வியர்த்தது. வீட்டு மண்சட்டிகளில் எல்லாம் மீன்குழம்பு வாடை ஊறிக் கிடந்தது. பால் குழம்பைக் கெடுத்துவிடும். மூலையில் ஒரு பித்தளைச் சருவச்சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. எடுத்துப் பார்த்தார். பரிபூரணம் புளி போட்டு விளக்கி வைத்திருந்தாள். வெளியே மட்டுமில்லை, உள்ளேயும் தங்கம் போலப் பளபளவென்று இருந்தது. இவ்வளவு சுத்தமான பாத்திரத்தை வைத்துக்கொண்டு எதற்கு யோசனை என்று அடுப்பில் ஏற்றினார்.

பன்னிரண்டு மணிக்கு எல்லாம் சேர்த்துக் கிண்டிவிட்டு ஒரு கரண்டி சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். துரை வீட்டில் கூட இப்படி அமைந்ததில்லை. மூடியின் மேலே தணல் போட்டு, கீழே சாம்பலில் கங்குகளை மட்டும் விட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மணி ஆயிற்று. தனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சிநேகிதர்களைக் காணவில்லை. மொக்கைச்சாமியின் பஸ் வழியில் மக்கர் பண்ணிவிட்டது, அவனுக்காகச் சுப்புராஜும் காத்திருந்தார். அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. மூன்று மணி நேரமும் எலுமிச்சையும் கடுகும் சீஸும் அந்தப் பித்தளைக்குள்ளேயே சூட்டில் கிடந்தன.

நடுவே சட்டியை வைத்து மூடியை எடுத்தார். மேலே செக்கச் சிவந்து, ஓரமெல்லாம் குமிழி விட்டது. மொக்கைச்சாமி வாயைப் பிளந்தான். சுப்புராஜ் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இந்த வீட்டில் சாப்பிட்டார் என்று தெரிந்தால் அவர் வீட்டில் பெரிய ரகளை நடக்கும், ஆனாலும் வந்திருந்தார். வேதமணி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றார்.

“அண்ணாச்சி, இது ஒங்க வீடு. துரை வீடு இல்ல. உக்காருங்க,” என்றான் மொக்கைச்சாமி.

ஆகட்டும், நீங்கள் சாப்பிடுங்கள் என்று சொன்னாரே தவிர, வேதமணியின் முட்டி மடங்கவில்லை. பரிமாறின பிறகு உட்காருவது எப்படி என்று அந்தக் கால்களுக்குத் தெரியாது. சுப்புராஜும் ஒரு தடவை பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினார். அப்போதும் இவர் ரொட்டித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் சுவரோரம் போனார்.

முதல் வாயை விழுங்கிவிட்டு மொக்கைச்சாமி நாக்கைச் சப்புக் கொட்டினான். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நாக்கில் செப்புத்துட்டு வைத்தது போல ஒரு ருசி என்றான். வேதமணிக்குப் பெருமை தாங்கவில்லை.

“அதுதான் சீசு. மொதல்ல அப்படித்தான் இருக்கும். பழகிட்டா விடமாட்டிய.”

சீஸ் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அண்ணாச்சி சொன்னால் சரி என்று தின்றார்கள். மொக்கைச்சாமி பாதிச் சட்டியைக் காலி செய்தான். சுப்புராஜ் நிதானமாக ஏழெட்டுத் துண்டு. மூன்றரைக்கு மொக்கைச்சாமி கை கழுவிக்கொண்டு வண்டிக்கு ஓடினான். சுப்புராஜ் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தார். நாலு மணிக்குக் கடைவீதியிலிருந்து கரி பஸ்ஸின் ஹாரன் கேட்டது, கிளம்பிவிட்டது என்று. அந்தச் சத்தம் ஓயுமுன் சுப்புராஜ் கட்டிலிலிருந்து குனிந்து வாந்தி எடுத்தார்.

 இருபத்திரண்டு வருஷமாக வேதமணி எதற்குப் பயந்தாரோ அது இதோ நடந்துகொண்டிருக்கிறது. ஓடிப்போய் முதுகைத் தடவிக்கொடுத்தார். நண்டா? பாலா? எல்லாவற்றையும் பார்த்தாயிற்றே. சத்தம் கேட்டு அடுத்த வீட்டு வெள்ளத்தாய் எட்டிப்பார்த்தாள். சுப்புராஜைப் பார்த்தாள், பிறகு சட்டியைப் பார்த்தாள். குனிந்து ஒரு விரலால் அடியைச் சுரண்டினாள். வெள்ளைக் குழம்புக்குக் கீழே பச்சைப்பசேல் என்று களிம்பு.

“அண்ணாச்சி, இதுலயா ஆக்குனிய? மதினி குளிக்க வெந்நி வைக்கிற சட்டில்லா இது. ஈயம் போயி வருசமாச்சே.”

அவள் சொல்லச் சொல்லத்தான் வேதமணிக்கு விளங்கிற்று. சமைக்கிற பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசி வெள்ளையாக இருக்க வேண்டும். அதைப் பூசுகிற ஆள் வருஷத்துக்கு இரண்டு தடவை தெருவுக்கு வருவார். மலேயா போனபிறகு ஈயமும் வரவில்லை, அவரும் வரவில்லை. சட்டியின் உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்ததும் பரிபூரணம் அதை வெந்நிக்கு ஒதுக்கிவிட்டாள். தெருவில் ஐந்து வயசுப் பெண்பிள்ளைக்குத் தெரிந்த சங்கதி. பீங்கானிலும் எனாமலிலுமே ஆக்கிப் பழகிய பெரிய சமையல்காரருக்குத் தெரியவில்லை. மஞ்சள் பளபளப்பைப் பார்த்துச் சுத்தம் என்று நினைத்துவிட்டார்.

புளிப்பு சேர்ந்தால் களிம்பு விஷம் என்றாள் வெள்ளத்தாய். அவள் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் இப்படித்தான் ரசம் குடித்து இரண்டு பேர் போய்ச் சேர்ந்தார்களாம். பாலும் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவும் கொடுத்தால் விஷத்தைப் பிடித்து வெளியே கொண்டுவரும் என்று சொல்லிவிட்டுப் பால் எடுக்க ஓடினாள்.

சுப்புராஜ் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. சட்டியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். வேதமணி நின்றிருந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நீ சாப்புடலியே, வேதமணி,” என்றார்.

கேள்வியாகக் கேட்கவில்லை. அதுதான் வேதமணியை அறுத்தது. சட்டியில் கால் பங்கு மிச்சம் இருந்தது. அவர் மண்டியிட்டார். ரொட்டி கூட எடுக்கவில்லை. கையாலேயே வழித்து வழித்துத் தின்றார். அடியில் இருந்த பச்சையையும் சேர்த்துத் தின்றார். செப்புத்துட்டு ருசி. சத்தியமாகச் செப்புத்துட்டு ருசிதான். மொக்கைச்சாமி சரியாகத்தான் சொன்னான். அதுதான் சீசு என்று இந்த வாய்தானே சொல்லிற்று.

மொக்கைச்சாமி என்ற பெயர் மனதில் வந்ததும் கை அந்தரத்தில் நின்றது. சுப்புராஜ் தின்றது ஏழெட்டுத் துண்டு. அவருக்கே இந்தக் கதி. பாதிச் சட்டியைத் தின்றவன் நாற்பது ஜனங்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிற வழியில் கண்மாய்க் கரை மேலே வண்டி ஏற வேண்டும். கோடையில் கண்மாய் வறண்டு கிடக்கும். கரையிலிருந்து உருண்டால் மூன்று ஆள் ஆழம், கீழே கல். அதைத் தாண்டிப் போனாலும் திரும்பி வருகிற வண்டியில் பரிபூரணமும் மகளும் ஏறுவார்கள்.

வெள்ளத்தாய் பாலோடு வந்தாள். வேதமணி கூடையிலிருந்து ஆறு முட்டையைத் துண்டில் முடிந்து தோளில் போட்டார். வாசலில் நின்ற சுப்புராஜின் சைக்கிளை எடுத்தார்.  கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மிதித்தார்.

ரோடெல்லாம் வெயில். வேதமணி சைக்கிள் மிதித்து வருஷக்கணக்காகிறது. ஒரு மைல் போவதற்குள் நெஞ்சு அடைத்தது. ஆனால் அவர் நெஞ்சைக் கவனிக்கவில்லை, வயிற்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். தான் தின்றது அவன் தின்றதற்குப் பிந்தி. ஆகவே தன் வயிற்றுக்கு இப்போது வருவது அவனுக்கு எப்போதோ வந்திருக்கும். வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. அவனுக்கு இது கடைவீதியிலேயே வந்திருக்கும். தொப்புளைச் சுற்றி யாரோ முறுக்கியதுபோல் வலித்தது. அவனுக்கு இது ஊர் எல்லையில். கண்ணுக்கு முன்னால் ரோடு இரண்டாகத் தெரிந்தது. ஆண்டவரே, அவனுக்கு இது எங்கே வந்திருக்கும்? ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறானே! வேதமணிக்கு அழுகை வந்தது. சத்தமாகவே அழுதுகொண்டு மிதித்தார். எதிரே வண்டி ஓட்டி வந்த ஒருவன் மாட்டை ஓரங்கட்டிவிட்டு இவரையே பார்த்தான்.

கண்மாய்க் கரை ஏறுகிற இடம் தெரிந்தது. கரைமேல் பஸ் இல்லை. வேதமணி சைக்கிளைப் போட்டுவிட்டுக் கரைமேல் ஏறி ஓடினார். கீழே பார்க்க மனசு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓரத்துக்குப் போய், பிறகு திறந்தார். கல்லும் முள்ளும் நாலைந்து ஆடுகளும்தான் இருந்தன. தலையைத் திருப்பினால், கரை இறங்குகிற இடத்தில், புளியமரத்தடியில், பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜனங்கள் இறங்கி நின்றார்கள்.

மொக்கைச்சாமி படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கரை இறங்கும்போது கண் இருட்டி, வண்டியை ஓரங்கட்டிவிட்டு இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறான். கிளீனர் ஆண்டிச்சாமி, கரிப்புகை தலைக்கேறிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் புகை அப்படிப் பண்ணக்கூடியதுதான், யாரும் சந்தேகப்படவில்லை. மொக்கைச்சாமியும் அப்படியே நம்பினான்.

“பொகைதான் அண்ணாச்சி. இப்பச் சரியாப் போச்சு. நீங்க எங்க இங்க?” என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்புகிற ஹேண்டிலை எடுக்க எழுந்தான். எழுந்தவன் காலில் நிற்கவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டான்.

வேதமணி அந்த ஒரு நிமிஷம் சும்மா நின்றார். புகை பழியை எடுத்துக்கொண்டுவிட்டது. முட்டையை ஏதாவது சொல்லிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பினால் ஊருக்கு ஒன்றும் தெரியாது. போலீஸ் இல்லை. பேர் கெடாது. இருபத்திரண்டு வருஷத்துப் பயம் அவர் காதுக்குள் இதைத்தான் சொல்லிற்று. மொக்கைச்சாமி ஹேண்டிலை முன்னால் சொருகக் குனிந்தான். வேதமணி பாய்ந்து அதைப் பிடுங்கித் தன் மார்போடு கட்டிக்கொண்டார்.

“இந்த வண்டிய எடுக்கக் கூடாது.”

ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். விருதுநகர் ரயிலைப் பிடிக்க வேண்டிய பருத்தி வியாபாரி ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். யார் இந்தப் பைத்தியம் என்றார்கள். வேதமணி நாற்பது பேரையும் பார்த்தார். முன்பின் தெரியாத நாற்பது முகம். 

“இந்தப் பிள்ளைக்கு நான் வெசம் குடுத்துட்டேன்,” என்றார். “தெரியாமக் குடுத்துட்டேன். களிம்பு ஏறின சட்டி. இன்னும் அது உள்ளதான் இருக்கு.”

ஒரு பெண் குழந்தையை இடுப்பில் இழுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து நின்றாள். அவனைப் பிடித்துக் கட்டுங்கள் என்றது ஒரு குரல். பருத்தி வியாபாரி சட்டையைப் பிடித்தார். அவர் பிடித்த பிடியிலேயே வேதமணி குனிந்து, அவர் காலடியில் பச்சையாக வாந்தி எடுத்தார். வியாபாரி கையை விட்டுவிட்டுப் பின்னால் போனார். அதற்கப்புறம் யாரும் கிட்ட வரவில்லை.

வேதமணி துண்டை அவிழ்த்தார். ஒற்றைக் கையில் முட்டையை உடைத்து, விரலிடுக்கில் மஞ்சளை நிறுத்தி வெள்ளையை மட்டும் வடிக்கிறவர் அவர். துரைசாணி விருந்தாளிகளைக் கூட்டி வந்து காட்டுவாள். இன்றைக்கு முதல் முட்டை கைக்குள்ளேயே நொறுங்கியது. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதைத்தான் வடிக்க முடிந்தது. மொக்கைச்சாமியின் தலையை நிமிர்த்தி வாயில் விட்டார். நாலு முட்டையையும் அவனுக்கே விட்டார். கொஞ்ச நேரத்தில் அவன் மறுபடியும் வாந்தி எடுத்தான். இந்தத் தடவை வயிற்றில் இருந்த எல்லாம் வந்தது. மரத்தில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினான். பிறகு கண்ணைத் திறந்து, தரையில் கிடந்த வேதமணியின் வாந்தியைப் பார்த்தான்.

“நீங்களும் தின்னியளா?”

தின்றேன் என்று தலையாட்டினார்.

“எப்ப? நான் இருக்கையில நின்னுக்கிட்டுல்லா இருந்திய.”

“நீ போன பொறவு.”

“சட்டிய பாத்ததுக்குப் பொறவா?”

வேதமணி கீழே கிடந்த முட்டை ஓடுகளை ஒதுக்கினார். மொக்கைச்சாமி அவரை ரொம்ப நேரம் பார்த்தான். ஒங்களுக்கு ஒண்ணு மிச்சம் வச்சிருக்கலாம்லா என்று முட்டை ஓடுகளைக் காட்டினான். அப்புறம், விழுந்துவிடுவீர்கள், உட்காருங்கள் என்றான். வேதமணி புழுதியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவை, சொன்னவுடனே உட்கார்ந்தார்.

ஆண்டிச்சாமி அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். பொழுது சாயும் நேரம் ஒரு மாட்டு வண்டி வந்தது. பரிபூரணம் மகளோடு அதில் வந்து இறங்கினாள். கூஜாவில் மோர் கொண்டுவந்திருந்தாள். இரண்டு பேருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு புருஷனிடம் கேட்டாள்.

“அந்தச் சட்டிய எதுக்கு எடுத்திய? ஒரு வார்த்த கேக்கலாம்லா?”

நீ ஊரில் இல்லையே என்றார் வேதமணி.

“நான் இருந்திருந்தா கேட்டிருப்பியளா?” என்றாள்.  கேட்டிருக்கமாட்டார். அவளுக்கும் அது தெரியும்.

யாரும் சாகவில்லை. சுப்புராஜ் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் வெயில் பட்டது என்று சொல்லிவிட்டார். மொக்கைச்சாமிக்கு முதலாளி ஒரு வாரம் வண்டி தரவில்லை. வேதமணிதான் யாருக்கும் முகம் காட்டாமல் கிடந்தார். கண்ணை மூடினால் கண்மாய்க்குள் பஸ் கிடந்தது. மணி நாலானால் எந்த வேலையில் இருந்தாலும் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். திரும்பி வருகிற வண்டியின் ஹாரன் கேட்கிறவரை சோறு இறங்காது. இந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மொக்கைச்சாமி வந்து நின்றான், கையில் ஈரச் சாக்கோடு. அவனே ஜேசுதாசனுக்கு ஆள் சொல்லி நண்டு வரவழைத்திருந்தான். அந்த இன்னொரு டின் இருக்கிறதல்லவா, ஆக்குங்கள் என்றான். மாட்டவே மாட்டேன் என்று வேதமணி உள்ளே போய்விட்டார். இப்போது ஆக்காவிட்டால் எப்போதும் ஆக்கமாட்டீர்கள், நானும் இந்த வீட்டில் எப்போதும் கை நனைக்கமாட்டேன் என்று அவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். வேதமணி வெகுநேரம் கழித்து அடுப்படியிலிருந்து மனைவியைக் கூப்பிட்டார். எதில் ஆக்க என்று கேட்டார். பரிபூரணம் எழுந்து போய், புதிதாகப் பழக்கி வைத்திருந்த மண்சட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

சுப்புராஜும் வந்தார். ஆனால் கதவோரமாக உட்கார்ந்தார். வேதமணி சட்டியை நடுவில் வைத்து மூடியை எடுத்தார். சிவந்து, குமிழி விட்டது. அவர் தானே உட்கார்ந்தார். ரொட்டியைப் பிட்டு முதலில் தான் முக்கித் தின்றார். மொக்கைச்சாமி கையை நீட்டினான்.

“இரு,” என்றார் சுப்புராஜ். சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மடியில் வைத்தார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மொக்கைச்சாமியின் கை தானாகத் திரும்பிற்று. மூன்று பேரும் அவரவர் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரின் கண்ணும் வேதமணியின் முகத்தில். அவர் வேர்வையைத் துடைக்கப் பயந்தார். துடைத்தால் மயக்கம் என்று நினைப்பார்கள். தொண்டை கமறியது; இருமப் பயந்தார். வயிறு லேசாக இழுத்துப் பிடித்தது, அது பயத்தினாலா வேறு எதனாலா என்று அவருக்கே தெரியவில்லை. தன் உடம்பைத் தானே கேட்டுக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார். சட்டியில் குமிழி அடங்கிற்று. மேலே ஏடு கட்டிற்று. அது சுருங்கிக் கெட்டியாயிற்று. அடுப்படி வாசலில் பரிபூரணம் நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. சுப்புராஜ் கடிகாரத்தை மூடிப் பையில் போட்டார். கதவோரத்திலிருந்து நகர்ந்து சட்டிக்குப் பக்கத்தில் வந்தார். ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்து, இறுகிப்போன சீஸுக்குள் அழுத்திக் குத்தித் தோண்டி எடுத்தார்.

“ஆறிப்போச்சு, வேதமணி,” என்று சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.